ஸ்குரூவுக்கு விட்ட எண்ணெய்

ஜெர்மனியில், அடுத்த நாள் விடிய முதன்முதலாக மான் வேட்டைக்குப் போக இருந்தேன். துப்பாக்கியில் குறிபார்க்கிற ஸ்கோப்பை நானே பூட்டினேன். ஃபாக்டரியில் மெஷினுக்குச் செய்கிற பழக்கத்தில் ஸ்குரூக்களுக்கு எண்ணெய் விட்டுத்தான் இறுக்கினேன்.

சுட்டுப் பழகுகிற இடத்தில் ஒரு குண்டும் குறிவைத்த இடத்தில் படவில்லை. என் கண்தான் பழுதாக்கும் என்று நினைத்தேன்.

பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் மனுசி எழும்பி வந்து ஸ்கோப்பைப் பிடித்துப் பார்த்தா. அது ஆடியது.

“எண்ணெய் விட்டனீங்களோ?”

“ஓம்.”

“கதவு கீச்சிட்டா விடுங்கோ. இதுக்கு விட்டா, வெடிக்கிற அதிர்விலை கழண்டுபோம்.”

ஸ்குரூக்களைக் கழற்றி, எண்ணெயை வடிவாகத் துடைத்து, ஒவ்வொன்றாக அளவாக இறுக்கித் தந்தா. திரும்பச் சுட்டேன். குறித்தாளில் ஓட்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. சந்தோசத்தில் சிரித்தேன்.

மனுசி சிரிக்கவில்லை. நான் முதல் சுட்ட தாளை எடுத்து, தள்ளிப்போன ஓட்டையில் விரலை வைத்தா.

“இது மானின்ரை வயிறு. உடனை சாகாது. ஓடிப்போய்ப் பற்றைக்குள்ளை கிடந்து துடிக்கும்.”

இங்கே ஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆட்டம், அங்கே ஒரு உயிரின் வேதனை. நான் அதுவரை அப்படி யோசித்ததே இல்லை.

விடிய மான் வந்தது. சுட்டேன். நின்ற இடத்திலேயே விழுந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு கனநேரம் அதன் பக்கத்தில் நின்றேன்.