அரை அரைக் கட்டையாக

எங்கள் வீட்டில் இருக்கும் கீபோர்டு என்னைவிட நன்றாக வாசிக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இடது கையில் ஒரு விரலை வைத்தால் போதும், அதற்குப் பொருத்தமான டிரம், கிட்டார், வயலின் கூட்டம் எல்லாவற்றையும் அதுவே கூட்டிக்கொண்டு வந்துவிடும். வலது கையால் நான் மெட்டை மட்டும் தடவித் தடவி வாசிப்பேன். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே ஒரு கச்சேரியே நடக்கிற மாதிரி இருக்கும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் லுங்கி கட்டிய ஒரு ஆள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பான். இந்த வகைக்கு அரேஞ்சர் கீபோர்டு என்று பெயர்.

ஃபேக்டரியில் என்னோடு வேலை பார்க்கும் மேல்விஷாரத்து நண்பர் ஒருவருக்கு நான் வாசித்ததை ஒருமுறை போனில் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, மற்ற ஆட்களுக்கெல்லாம் எவ்வளவு கொடுத்தேன் என்று விசாரித்தார். மற்ற ஆட்கள் யாரும் இல்லை என்பதை அவர் இன்றுவரை நம்பவில்லை.

வாங்கியது மகளுக்காக. ஆம்பூரில் எங்கள் சபைப் பிள்ளைகளில் பாதிப் பேர் கீபோர்டு வகுப்புக்குப் போனவர்கள்தான். அவளும் போனாள், இரண்டு பரீட்சை எழுதினாள், பத்தாம் வகுப்பு வந்ததும் துணியைப் போட்டு மூடிவிட்டாள். பிறகு படித்து முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். துணியை எடுத்தவன் நான். ஷூ ஃபேக்டரியில் கட்டிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். தோலைப் புரட்டிப் புரட்டி எங்கே கீறல், எங்கே சுருக்கம் என்று பார்ப்பதுதான் பகல் முழுக்க வேலை. நல்ல இடம் கண்ணில் படாது, குறைதான் படும். சாயங்காலம் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தால் அந்தக் கண்ணுக்கு ஓய்வு. என் வாசிப்பில் குறையைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, எல்லாம் குறைதான்.

பாட்டு என்றால் அது என் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சர்ச்சில் கொயரில் முன்வரிசை. மேல்குரல் பாடும் பெண்களில் அவள் குரல்தான் முதலில் கேட்கும். மகள் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான் என்பதால் தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்றிரண்டு கீர்த்தனை பாடுவோம். அவளுக்கு வரியின் கடைசியில் இழுத்துப் பாடுகிற பழக்கம். மெஷின் யாருக்காகவும் நிற்காது. இருவருக்கும் நடுவில் நான் ஓடி ஓடிச் சமாளிப்பேன். அதில் எத்தனையோ நாள் சண்டையும் வந்திருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு வெள்ளைக் கட்டைகளில் மட்டும்தான் விரல் ஓடும். கறுப்பைத் தொட்டால் வழி தவறிவிடுவேன். என்னைப் போன்றவர்களுக்காகவே கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். ஒரு தட்டுத் தட்டினால் மொத்தக் கீபோர்டின் சுருதியும் அரைக் கட்டை இறங்கும், அல்லது ஏறும். விரல் அதே இடத்தில் அதே வெள்ளைக் கட்டையில்தான் இருக்கும், சத்தம் மட்டும் வேறு உயரத்தில் வரும். எவ்வளவு இறங்கியது, ஏறியது என்பது திரையின் மூலையில் சின்ன எண்ணாகத் தெரியும். மனைவியின் குரலுக்கு எந்த எண் என்று வாங்கிய புதிதிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தேன். வருஷக்கணக்கில் அது மாறவே இல்லை.

போன வருஷம் அவள் கழுத்தில் வீக்கம் தெரிந்தது. தைராய்டு என்றார்கள். வேலூரில் ஆபரேஷன். முன்னாலேயே டாக்டர் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்: பேச்சுக்கு ஒன்றும் ஆகாது, பாடுகிறவர்களுக்கு மேல் சுருதி மட்டும் சில பேருக்குத் திரும்ப நாளாகும், சில பேருக்குத் திரும்பாமலும் போகலாம். கட்டி கெட்டது இல்லை என்ற நிம்மதியில் நாங்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டோமே தவிர மனதில் வாங்கவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விடுப்பு முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் போனாள், கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள், வீட்டில் என்னையும் போட்டாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

பிறகு ஒருநாள் பாட உட்கார்ந்தோம். முதல் வரி ஒழுங்காக வந்தது. இரண்டாவது வரியில் மேலே போகிற இடத்தில் குரல் வரவில்லை, வெறும் காற்று வந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் காற்று. "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று சொல்லி எழுந்து போனாள். அடுப்பில் பால் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் கீபோர்டை அணைத்தேன்.

அதற்கப்புறம் அவள் பாடவில்லை. கொயருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினாள். ஆராதனையில் பெண்கள் பக்கம் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தபடி நிற்பாள். உதடு அசையும், அவ்வளவுதான். வீட்டில் கத்தரிக்காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, விடைத்தாள் திருத்தும்போதுகூட ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருந்த மனுஷி. அந்த முணுமுணுப்பு நின்ற பிறகு எனக்கு வீட்டுக்கு வரவே பிடிக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்தும் ஏதாவது சாக்குச் சொல்லி ஃபேக்டரியிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பட்டன் ஞாபகம் வந்தது. அவளுக்குத் தெரியாமல் ஒரு கட்டை இறக்கி வைத்துவிட்டு, "சும்மா ஒரு வரி பாடு, எனக்கு மெட்டு மறந்துபோச்சு" என்றேன். மனசில்லாமல்தான் ஆரம்பித்தாள். என் விரல்கள் வழக்கமான கட்டைகளில் இருந்தன. மேல் இடம் வந்தது. குரல் உடைந்தது, ஆனால் காற்றாகப் போகவில்லை. அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம். மறுநாள் அவளே வந்து உட்கார்ந்தாள். இரண்டு மூன்று நாள் விட்டு இன்னொரு அரைக் கட்டை இறக்கினேன். அடுத்த வாரம் இன்னும் ஒரு அரை. மறைக்கிறதில் நான் கெட்டிக்காரன் இல்லை, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என் விரல்கள் எனக்குத் துணை நின்றன. அவள் என் கையைத்தான் பார்த்தாள், திரையைப் பார்க்கவில்லை.

"ஏங்க, தொண்டை திரும்பி வருதுங்க" என்றாள் ஒரு சாயங்காலம். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. எனக்கு அந்தச் சந்தோஷமே போதுமாக இருந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஆனால் அவள் யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் சொன்னாள், சர்ச்சில் சொன்னாள், பெங்களூருக்குப் போன் போட்டுச் சொன்னாள். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கும்போது கொயருக்குத் திரும்பிவிடுவதாக முடிவு செய்தாள். அதுவரை சபையில் வாயைத் திறப்பதில்லை, முழுசாகத் திரும்பிய குரலோடுதான் போய் நிற்கப் போகிறேன் என்றாள். கொயரில் அவளுக்காக யாரும் பட்டனைத் தட்டப் போவதில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். சாப்பிடும்போது வாயெடுப்பேன், சாம்பார் ஊற்றச் சொல்லி முடித்துக்கொள்வேன். சொன்னால் அந்தச் சிரிப்புப் போய்விடும், பழையபடி உதடு மட்டும் அசையும் என்று பயம். சொல்லாவிட்டால் முன்வரிசையில் எல்லார் முன்னாலும் குரல் உடைந்து நிற்பாள். இரண்டில் எது மோசம் என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன்.

அதற்குள் வீட்டு ஜெபக்கூட்டம் வந்தது. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கூட்டம் நடக்கும். எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டம்மாதான் முதல் பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், அது வழக்கம். இந்த முறை எங்கள் வீடு. எனக்கிருந்தது இரண்டே வழிகள். சுருதியைப் பழைய இடத்துக்கு ஏற்றினால் அவள் பாட்டு நடுவில் உடையும். அப்படியே விட்டால் மற்ற பெண்களுக்கு எட்டாத ஆழமாக இருக்கும். அவள் உடைவதை என்னால் பார்க்க முடியாது என்பதால் அப்படியே விட்டேன்.

பெண்கள் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில். நான் தாளத்தைப் போட்டேன், அவள் எடுத்துக் கொடுத்தாள். நன்றாகவே ஆரம்பித்தாள். மற்றவர்கள் சேர்ந்தார்கள். இரண்டாவது வரியில் பாட்டு கீழே இறங்கியதும் பாதிப் பேருக்குச் சத்தமே எழவில்லை, ஒருத்தி மட்டும் மேலே தாவி வேறு எங்கோ போய்விட்டாள். எதிர்வீட்டில் இருக்கும் ரிட்டயர்டு நர்ஸ் அக்கா, வார்டில் அதட்டிப் பழகிய குரல், கையைத் தூக்கினார்.

"தம்பி, நிறுத்துப்பா. இன்னா இது, ஆம்பளைங்க கட்டையா இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நான் கையை எடுத்துவிட்டேன், ஆனால் டிரம் மட்டும் நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தது. பதற்றத்தில் எனக்கு நிறுத்துகிற பட்டனே அகப்படவில்லை. மனைவி திரும்பி முதலில் என் விரல்களைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருந்தால் கணக்கு டீச்சருக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஒருவழியாக டிரம் நின்றது. அந்த நிமிஷம் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை. நர்ஸ் அக்காவைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, ஆபரேஷனுக்கு அப்புறம் இதான் என் கட்டை. இன்னிக்கு ஒரு பாட்டுக்கு எல்லாரும் இறங்கி வாங்க."

"வர்றோம்மா. நீ எடு" என்றார் அவர்.

எடுத்தாள். பெண்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். எதிர்பாராத ஒன்று வராந்தாவில் நடந்தது. எப்போதும் பெண்கள் சுருதிக்கு எட்ட முடியாமல் வாய்க்குள் முனகும் ஆண்களுக்கு அன்று முதல்முறையாகச் சரியான உயரம் கிடைத்துவிட்டது. ஒவ்வொருவரும் நெஞ்சைத் திறந்து பாடினார்கள். தெருமுனைக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் எங்கள் தெருக் கூட்டத்தில் அவ்வளவு பலமாக ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. மனைவியின் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டீ, சமோசா எல்லாம் கொடுத்து எல்லாரையும் வழியனுப்பிவிட்டு என்னோடு பேசாமல் இருந்தாள். சனிக்கிழமையும் தட்டில் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. ஞாயிறு மத்தியானம் நாற்காலியை இழுத்துக் கீபோர்டு பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள். மழை ஆரம்பித்ததிலிருந்து என்றேன். ஊரெல்லாம் தொண்டை சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேனே, என்னை முட்டாளாக்கிவிட்டீர்களே என்று அழுதாள். நீ பாடுவதை நிறுத்திவிடுவாயோ என்று பயமாக இருந்தது என்றேன். வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"இவ்ளோ இறக்கியும் மேல போறப்ப எனக்கு இழுக்குது, தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"நீங்க வேலைவிட்டு வந்து ஆசையா உக்காந்திருக்கீங்களேன்னுதான் கஷ்டப்பட்டு எட்டிப் புடிச்சிட்டிருந்தேன். போகப்போக சரியாய்டும்னு நெனச்சேன்."

அவளுக்காக நான் அரை அரைக் கட்டையாக இறங்கிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் எனக்காக வலியோடு ஏறிக்கொண்டிருந்திருக்கிறாள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதை ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை. அவள்மேல் எனக்கு அப்போது வந்த பிரியத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்தேன். அவள் விடுவித்துக்கொண்டு பட்டனைக் காட்டினாள்.

"நான் சொல்ற வரைக்கும் இறக்குங்க."

ஒரு தட்டுத் தட்டினேன். ஒரு வரி பாடிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இன்னொன்று. இன்னும் கொஞ்சம் என்று கையால் சைகை காட்டினாள். அடுத்த தட்டில், "இங்க" என்றாள்.

அந்த இடத்தில் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடினாள். மேல் இடம் வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், அவள் பிடிக்கவில்லை. சாதாரணமாகக் கடந்து போனாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத குரல் அது. கனமாக, கொஞ்சம் கரகரப்பாக, அவசரமே இல்லாமல் இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. பழைய குரலைவிடவா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

கொயர் மாஸ்டரிடம் தானே பேசிக்கொள்வதாகவும், கீழ்க்குரல் பாடுகிற பின்வரிசையில் போடச் சொல்லப் போவதாகவும் சொன்னாள். அங்கே எப்போதும் ஆள் கம்மிதானாம். சொல்லிவிட்டு எழுந்தவள் நின்றாள்.

"இனிமே என்னைக் கேட்டுட்டு இறக்குங்க."

சரி என்றேன்.

"ஏத்துறதா இருந்தாலும்" என்றாள்.