எலும்பைத் தொட்டுப் பார்த்த நங்கையா

கூண்டுக்குள் கையை விட்டுக் கோழியை அலுங்காமல் வெளியே எடுத்து, அதன் நெஞ்செலும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார் நங்கையா. அவரைப் பற்றிய என் முதல் நினைவு அதுதான். கணவரின் அக்காவை எங்கள் நாமக்கல் பக்கத்தில் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமாகி நான் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. "தொட்டுப் பாரு அம்மிணி, வளையுது. முட்டத்தோட்டுக்குச் சுண்ணாம்பு பத்தாம, எலும்புல இருந்து எடுத்துக்குது" என்றார். மறுநாளே தீவனத்தில் கிளிஞ்சல் தூக்கலாக விழுந்தது. கால் ஊன்ற முடியாமல் உட்கார்ந்துவிட்ட கோழிகளை மட்டும் தனியே பிரித்துக் கறிக்குக் கழித்துவிடச் சொன்னார். கோழிப்பண்ணையில் அதற்கெல்லாம் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்க முடியாது.

சின்ன வயதிலேயே கணவரை இழந்து தம்பி வீட்டுக்குத் திரும்பியவர் அவர். விடிந்தால் கோழி ஷெட்டுக்குள் போவார், பொழுது சாய்ந்துதான் வெளியே வருவார். வெயில் அவர்மேல் பட்டதே அபூர்வம். முப்பத்தெட்டு வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வீட்டு மாடு கறக்கிற பால் முழுக்கப் பால் சொசைட்டிக்குப் போய்விடும். ஷெட் நிறைய முட்டை கிடந்தாலும் செவ்வாய், வெள்ளி, சனி, கிருத்திகை என்று விரதம் சொல்லித் தொடமாட்டார். டீயிலேயே ஓடிக்கொண்டிருந்த உடம்பு அது. நானோ ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். யார் யாருடைய இரத்தத்திலோ கால்சியம் குறைவு, வைட்டமின் டி குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, இந்த மனுஷி போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

ஐம்பத்திரண்டு வயதில் வாசல் ஈரத்தில் வழுக்கிக் கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்தது. நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு முறிந்தால் எலும்பின் வலுவைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் மருத்துவமனைச் சுவரில் எழுதி மாட்டியிருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகிறேன். இருந்தும் கட்டு வைத்தியரிடம் கூட்டிப்போய், முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் பூசிக் கட்டுப் போட்டு அழைத்து வந்தோம். கை கூடியதும் எல்லோரும் மறந்துபோனோம். அப்புறம் மேல்வரிசைக் கூண்டு அவருக்கு எட்டாமல் போயிற்று. சேலையின் கரை தரையில் புரண்டது. ஆள் குறுகிக்கொண்டே வருகிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில், ஏறி நிற்க ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கிக் கொடுத்தேன்.

அந்த முக்காலி ஒருநாள் சரிந்தது. கூண்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றவரை ஓடிப்போய் இறக்கினேன். அவர் சிரித்தார். மறுநாளே சேலத்துக்குக் கூட்டிப்போய் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தோம். முதுகுத்தண்டில் முள்ளெலும்பு ஒன்று அவருக்கே தெரியாமல் எப்போதோ நசுங்கியிருந்தது. "இடுப்பெலும்பு இன்னும் முறியலைம்மா. அதைக் காப்பாத்திக்கோங்க" என்றார் டாக்டர். வாரம் ஒரு மாத்திரை, தினம் முட்டை, பருப்பு, பால், கொஞ்சம் வெயில், நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. மூட்டை தூக்கக் கூடாது, விழவே கூடாது. அன்றிலிருந்து ஷெட்டில் தட்டு ஒன்று கீழே விழுந்தாலும் ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் அலமாரியில் மாத்திரை அட்டை பிரிக்காமலே இருந்தது. பக்கத்தில் கோழிகளுக்குத் தண்ணீரில் கலந்து விடும் கால்சியம் டானிக் கேன், பாதி காலியாக. கேனைத் தூக்கிக்கொண்டு நேரே அவரிடம் போனேன்.

"என்னங்க நங்கையா இது? கோழி மருந்தைக் குடிச்சீங்களா?"

"கோழிக்கு முட்டத்தோடு கெட்டியாவுதில்ல? எனக்கு மட்டும் ஆவாதா?"

"அந்த மாத்திரையைப் போட்டா என்னங்க கெட்டுப்போச்சு? நாளைக்கு இடுப்பு முறிஞ்சு படுத்துட்டா யாருங்க பாக்கிறது?"

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதேதான் அம்மிணி. மாத்திரையத் தின்னா நான் சீக்காளி. கால் ஊனாத கோழிய நாம என்ன பண்றோம்?"

அவர் இடத்துக்கு ராசிபுரத்திலிருந்து ஒரு ஆளை வரச்சொல்லி அந்த வாரம்தான் நானும் என் கணவரும் பேசி முடித்திருந்தோம். அவரிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் நல்லதற்குத்தான் என்று எங்களுக்குள்ளே சொல்லிக்கொண்டோம்.

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வந்த ஆள் மூட்டை தூக்குகிறான், மேல்வரிசையைப் பார்க்கிறான். எந்தக் கோழிக்கு என்ன என்று நங்கையாதான் இன்றும் சொல்கிறார். திங்கட்கிழமை காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டாக்டர் சொன்னபடி அரைமணி நேரம் படுக்காமல் வாசலில் வெயிலில் நடக்கிறார். விரதத்தைக்கூட ஒரே நாளாகக் குறைத்துக்கொண்டார்.

போன மாதம் நானும் ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது. எனக்கும் எலும்பு தேயத் தொடங்கியிருக்கிறதாம். ரிப்போர்ட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் திரிந்தேன். ஊருக்கே ரிப்போர்ட் எழுதுகிறவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. நாலாம் நாள் நங்கையாவிடம் மட்டும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புரிந்ததோ இல்லையோ, கடைசி வரி வரைக்கும் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போய், முட்டைத் தட்டுகளைச் சுமந்துகொண்டு வந்த தன் தம்பியை, என் கணவரைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"டேய் தம்பி, இவளுக்கும் எலும்பு தேஞ்சிருக்குதாமா. எங்க ரெண்டு பேரையும் என்ன பண்றதா இருக்கற, இப்பவே சொல்லு!"

என் கணவர் தட்டுகளை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றார்.