பின்சீட்டில் ஏறச் சொன்ன டிரைவர்

பழனிசெட்டிபட்டியில் ஜீப்புகளுக்கு சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறேன். அன்று வந்தது ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப். வளைவுகளில் வண்டி சாயாமல் பிடிக்கும் பின்பக்க ஸ்டெபிலைசர் ராடைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசி போல்ட்டைக் கையால் திருகும்போது போன் வந்தது. பேசி முடித்ததும் ஜாக்கியை இறக்கிவிட்டு, “முடிஞ்சது, எடுத்துட்டுப் போங்க” என்றேன்.

டிரைவர் பின்கதவைத் திறந்தார். “ஏறுங்கண்ணே, மலைரோட்டுல போடிமெட்டு வரைக்கும் போயிட்டு வருவோம். நாளைக்கு இங்கன பன்னெண்டு பொம்பளைக உக்காருவாக.”

படியில் கால் வைத்ததும் அந்த போல்ட் ஞாபகம் வந்தது. இறங்கி, ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் போனேன். போல்ட் விரலுக்கே சுற்றியது. முறுக்கிவிட்டு வந்து, “சும்மா ஒரு தடவை பாத்தேன்” என்று பொய் சொன்னேன்.

“எந்த ஒர்க்‌ஷாப்புலயும் ஏறத்தான் சொல்லுவேன்” என்றார் அவர். “யாரும் உடனே ஏறுனதில்லண்ணே.”

பன்னிரண்டு பேர் ஏறப்போகும் வண்டியைக் கொடுத்தபோது வராத ஞாபகம், நான் ஏறும்போது வந்தது.