தோல்விக்கு ஒரு பக்கம்

எண்பதுகளில் கொச்சி மட்டாஞ்சேரி வியாபாரிகள் மிளகின் ஈரத்தைப் பல்லால் கடித்துத்தான் சொல்வார்கள். அந்த ஈரத்தை அளந்து முள்ளால் காட்ட ஒரு கருவி செய்ய நானும் என் மனைவியின் தம்பியும் கிளம்பினோம். சிறு தொழில்களின் ஆராய்ச்சிக்கு அரசு மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் வாங்கி வந்தேன்.

அதில் ஒரு கேள்வி: இந்த முயற்சி எப்படியெல்லாம் தோற்கலாம்?

மைத்துனன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டான். "பிள்ளையார் சுழி போட்ட கடுதாசில அபசகுனமா எழுதப்படாது, அத்திம்பேரே." தோற்கவே தோற்காது என்று எழுதிக் கொடுத்தோம்.

எறணாகுளத்து அதிகாரி அதைத் திருப்பித் தந்தார். தோற்காது என்று தெரிந்த பிறகு ஆராய என்ன இருக்கிறது, வங்கிக்குப் போங்கள் என்றார், மலையாளத்தில், சிரிக்காமல். எனக்கு வந்த கோபம் இரண்டு சாயா குடித்தும் தணியவில்லை. அதே கோபத்தில் ஒரு பக்கம் முழுக்க நிரப்பினேன். மழைக்காலத்தில் முள் ஆடும். மின்சாரம் ஏறி இறங்கினால் பொய் சொல்லும். எல்லாம் சரியாக இருந்தாலும் வியாபாரிகள் நம்பமாட்டார்கள். மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

மானியம் வந்தது. இரண்டு வருடத்தில் கருவியும் வந்தது. மட்டாஞ்சேரியின் பழைய யூதர் தெருவான ஜூ டவுனில், ஒரு மிளகுக் கிடங்கில் முதல் வியாபாரி முள்ளை உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு மிளகை எடுத்துக் கடித்தார்.

"பரவாயில்லை," என்றார். "மெஷின் சரியாத்தான் சொல்லுது."