ஜாமில் கேட்டவை: அந்தோணி அண்ணன் நினைவாக

அந்தோணி அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கியா பார்ம் சாலையில் வாகன ஜாமில் மாட்டியிருந்தேன். அவர் லீவு போட்டிருந்ததால் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரியை அன்று நான்தான் ஓட்டினேன். "நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. முடிஞ்சிருச்சு தம்பி" என்றார் தொழிற்சாலையிலிருந்து அழைத்தவர். முன்னால் சுற்றுலா பஸ்கள், பின்னால் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள். லோரியைப் போட்டுவிட்டு ஓடவும் முடியவில்லை.

எஸ்டேட்டில் உங்களுக்கெல்லாம் அவர் லோரி டிரைவர். தேவாலயத்தில் சுருதி விலகி, ஆனால் எல்லோரையும் விட உரக்கப் பாடுபவர். எனக்குக் கடந்த ஓராண்டாக பாட்காஸ்ட் கேட்கும் கூட்டாளி. கொழுந்து வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. முடித்துவிட்டு அவர் லோரியில்தான் திரும்புவேன். ஜாமில் நின்றால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். அவர் பின்னால் ஏறி இரண்டு கையாலும் கிளறிவிட்டு வருவார். பிறகு கைப்பேசியை பிளாஸ்டிக் குவளைக்குள் இறக்குவார். அதுதான் எங்கள் ஸ்பீக்கர்.

விமான விபத்துகளை ஆராயும் நிகழ்ச்சி நான் கண்டுபிடித்தது. மாமியாரும் மருமகளும் சமையலுக்காகச் சண்டை போடுவது அவர் கண்டுபிடித்தது. எனக்கு அது சகிக்காது. எதையும் இரட்டை வேகத்தில்தான் கேட்பேன். அவர் வேகத்தைக் குறைத்துவிட்டுச் சொல்வார்: "வண்டியே நகரல. உனக்கு மட்டும் எங்கடா அவசரம்?"

கடலடியில் குழாய் பழுது பார்ப்பவர்களைப் பற்றிய நிகழ்ச்சி இருவருக்கும் பிடித்தது. வேலை முடிந்ததும், கடலடியில் இருந்த அதே காற்றழுத்தத்தோடு கப்பலில் ஓர் இரும்பு அறைக்குள் அடைந்து கிடக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் நடமாடுவது தெரியும். கதவைச் சட்டென்று திறந்தால் ரத்தத்தில் குமிழி கட்டி உயிர் போய்விடும். நாள் கணக்கில் அழுத்தத்தைக் குறைத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

அன்றுதான் வேறு யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். பினாங்கில் வேலை கிடைத்திருந்தது. ஆனால் அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு என் வேலையோடு ஒட்டியது. நான் போனால் அப்பாவும் அம்மாவும் வெளியே. அப்பாவோ நகர மாட்டார்.

"நானும் அந்த இரும்பு ரூம்லதான் இருக்கேன், அண்ணே" என்றேன்.

"ஆமா லா. ஆனா அவன் கதவ உடைக்கல, அங்கயே செத்தும் போகல. காத்த கொஞ்சங் கொஞ்சமா எறக்குறான். நீ மொதல்ல பக்கத்து ஊரு கம்போங் ராஜாவுல சின்னதா ஒரு வீடு பாரு. ஆத்தாவ நாலு சட்டி பானையோட அங்க கொண்டு போய் விடு. ஒங்கப்பன் சோத்துக்கு வருவான். வந்து பழகிட்டான்னா, நீ கெளம்பு."

"பினாங்குக்காரன் அதுவரைக்கும் காத்திருப்பானா?"

"இவன் இல்லன்னா இன்னொருத்தன். ஊர்ல அவன் ஒருத்தன்தான் மொதலாளியா?"

அதற்குள் வண்டிகள் நகர்ந்தன. அந்தக் கடலடி நிகழ்ச்சி பாதியில் நின்றது. "மிச்சத்த அடுத்த ஜாம்ல கேப்போம்" என்றார். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஒரு ஜாமில் மாட்டவில்லை.

பினாங்கு வேலை கைவிட்டுப் போனது. கம்போங் ராஜாவில் வீடு பார்த்தாயிற்று. அம்மா அங்கே சமைக்கிறார். அப்பா மத்தியானம் போய்ச் சாப்பிட்டுவிட்டு, இரவு படுக்க லயத்துக்கே திரும்பிவிடுகிறார். போன வாரம் தலையணையை அங்கே விட்டுவிட்டு வந்தார்.

அந்தோணி அண்ணனின் குவளை இப்போது என்னிடம் இருக்கிறது. கடலடிக்காரர்களின் மீதியை இந்த விடுமுறை ஜாமில் லோரியில் இருந்தபடி அதில் வைத்துக் கேட்டேன், அவர் வேகத்தில். இடையில் ஒருமுறை இறங்கிப் போய்க் கொழுந்தைக் கிளறிவிட்டு வந்தேன்.