கயிறு கட்டியவன்

அரியலூரில் குடியை நிறுத்த நினைக்கும் நாங்கள் ஞாயிறுதோறும் ஒரு டியூஷன் சென்டரில் கூடுவோம். அங்கே சாமியும் இல்லை, சத்தியமும் இல்லை. குடித்துவிட்டால் வந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய என் நண்பன் அப்படித்தான் விழுந்து விழுந்து எழுந்தான். அது போதாதென்று அவன் வீட்டார் கோயிலில் கையில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்கினார்கள். ஒரு கல்யாணத்தில் மறுபடி குடித்துவிட்டுப் போனில் அழுதான்.

“சாமி குத்தம் ஆயிடுச்சுண்ணே. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்?”

“எங்ககிட்ட என்னடா குத்தம்? வந்து தொலடா.”

வரவில்லை. குடித்தே செத்தான்.

சாவு வீட்டில் அவன் மாமா என்னிடம் டம்ளரை நீட்டினார். “போடுங்க தம்பி, துக்கம் ஆறும்.”

தட்டிவிட்டேன். பிணத்தின் கையில் அந்தக் கயிறு அப்படியே இருந்தது. யாரையும் கேட்காமல் அறுத்தெறிந்தேன்.