பேங்க் ஊட்டுக்காரர்

கரையான்சாவடியில் இறங்கி ஜாபஸ் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். பேங்க் ஊடு எது என்று கேட்டால் ஆட்டோக்காரர் பேச்சை நிறுத்தாமலே கையைக் காட்டுவார். மெயின் ரோட்டில், கீழே வங்கிக் கிளையும் மேலே குடித்தனமுமாக நிற்கும் அந்த மாடி வீடு ஜாபஸுடையது. மனிதனுக்குப் பெற்றவர்கள் வைக்கிற பெயர் ஒன்று, ஊர் வைக்கிற பெயர் ஒன்று. ஜாபஸுக்கு ஊர் வைத்த பெயர் வங்கியின் பலகையில் இரவில் விளக்குப் போட்டு எரிந்தது. அதற்கு மின்கட்டணத்தையும் வங்கியே கட்டியது.

நாசரேத் பக்கத்திலிருந்து மீசை அரும்பும் வயதில் ஆவடிக்கு வந்தவர். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. குவார்ட்டர்ஸில் ஜெயகுமாரியோடு குடும்பம் நடத்தி, ஸ்டெஃபி என்று ஒரே மகளைப் பெற்று, அவளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்து, ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததில் இந்த வீட்டைக் கட்டினார். தொழிற்சாலையில் அவருடைய வேலை தர ஆய்வு. அதாவது, மற்றவர்கள் செய்ததைப் பார்த்து, சரியில்லை என்று சொல்வது. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்களே தவிர, இந்தப் பழக்கத்திலிருந்து அவருக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

ஒரு கிறிஸ்துமஸுக்கு ஸ்டெஃபி நல்ல போன் ஒன்று வாங்கித் தந்தாள். அன்றிலிருந்து ஜாபஸ் வேறு ஆளாகிவிட்டார். மின்கட்டணம், வீட்டு வரி, கேஸ், ரயில் டிக்கெட் எல்லாமே படுக்கையில் சாய்ந்தபடி. தனக்குக் கிடைத்த வெளிச்சத்தை மரக்காலால் மூடி வைக்கிறவர் அல்ல அவர். தினமும் பிற்பகலில் எதிர்ச்சாரியில் இருக்கும் கோவிந்தராஜின் டீக்கடையில் போய், வங்கிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வந்தவன் போனவன் போனையெல்லாம் வாங்கிச் செயலியை இறக்கிக் கொடுத்தார்.

"பேங்குக்கு நடந்து போறவன் மாட்டு வண்டியில மவுண்ட் ரோடு போறவன். தெரிஞ்சுக்கோ" என்பார். அவருடைய வங்கி அவர் காலடியிலேயே இருந்தது, படியிறங்கினால் வாசல். அதற்குள் போகாமல் இருப்பதே அவருடைய பெருமை.

சபையிலும் காணிக்கைப் பையின் மேல் கியூஆர் அட்டையை ஒட்டவைத்தார். பை வருகிற நேரத்தில் சபை முழுவதும் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் புதிதாக வந்த போதகர் உருகிப்போனார். அத்தனை பேரும் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிய ஒரு மழைக்காலம் ஆயிற்று.

வீட்டிலும் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. ஜெயகுமாரிக்கும் ஒரு போன் வாங்கி, அதற்குப் பூட்டு எண்ணைத் தானே போட்டு, வங்கிக் கணக்கின் செய்திகள் தன் எண்ணுக்கு வருமாறு வைத்தார். ஒருமுறை அவள் பூந்தமல்லியில் பிரஷர் குக்கர் வாங்கிக் கார்டைப் பைக்குள் வைப்பதற்குள் அவருடைய அழைப்பு வந்துவிட்டது.

"குமாரி, அந்தக் கடையில ஏன் வாங்கினே? ஆன்லைன்ல இதைவிடக் குறைச்சல்."

தொழில்நுட்பத்தின் வேகத்துக்கு இதை அவர் பல இடங்களில் உதாரணமாகச் சொல்லியிருக்கிறார். ஜெயகுமாரி எங்கேயும் சொல்லவில்லை.

இத்தனையிலும் ஒரு சிறு பிசகு இருந்தது. தன் வாடகைதாரரின் வாசலுக்கு ஆள் வராமல் பார்த்துக்கொள்வதையே ஜாபஸ் சமூக சேவையாகச் செய்துவந்தார். பிறர் வேலையில் மயிரிழைப் பிழையைக் கண்டுபிடித்த ஆய்வாளருக்கு இது கண்ணில் படவில்லை. தன் நாற்காலியைத் தூக்கிப் பார்ப்பவர் யார்?

ஒரு நாள் கிளை மேலாளர் சௌம்யா படியேறி வந்தார். காபியை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"சார், ஆள் வரத்து குறைஞ்சு போச்சுன்னு மேலிடத்துல பேச்சு. நம்ம கிளையை அம்பத்தூரோட சேர்த்துடலாமான்னு யோசிக்கிறாங்க. வர்ற புதன்கிழமை ஒருத்தர் வந்து உட்கார்ந்து பார்க்கப்போறார்."

ஜாபஸ் மனத்துக்குள் கணக்குப் போட்டார். வாடகை மட்டும் என்றால் வேறு ஆள் பார்க்கலாம். அந்தப் பலகை போனால் அவர் யார்?

"ஏன் மேடம் குறைஞ்சுது?"

சௌம்யா மரியாதை தெரிந்தவர். ஜாபஸின் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "காலம் சார்" என்றார்.

அன்று பிற்பகல் ஜாபஸ் டீக்கடைக்குப் போனது வேறு செய்தியோடு.

"கோவிந்தராஜ், புதன்கிழமை பேங்குக்குப் போயி பாஸ்புக்ல என்ட்ரி போட்டுட்டு வா."

கோவிந்தராஜ் டீ ஆற்றுவதை நிறுத்தினான். "இன்னா சார், ஒடம்பு கிடம்பு செரியில்லியா?"

"ஏன்டா?"

"மாட்டு வண்டி, மவுண்ட் ரோடுன்னு நீதான சார் சொன்னே?"

"அது அப்ப."

"போன வாரம் சார்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஜாபஸ் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "ஒரு அமைப்புன்னு இருந்தா அதைக் காப்பாத்தணும்ல" என்றார்.

"காப்பாத்தலாம் சார். பாஸ்புக்கு எங்க கீதுன்னு ஊட்டுக்காரியத்தான் கேக்கணும். மழைக்கு ஒழுவுதுன்னு ஜன்னல்ல மடிச்சு சொருவிகினு இருந்தா."

அவர் சீடர்கள் எல்லாரும் இப்படித்தான் கைவிரித்தார்கள். அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தார். கடைசியில் சபைப் பெண்கள் சங்கத்தைப் பிடித்தார். சங்கத்தில் மூத்தவரான ஞானசௌந்தரி அக்காவிடம், "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்க்கா. வந்து ஏசியில உட்கார்ந்தா போதும். டீயும் தேங்காய் பன்னும் நான் பார்த்துக்கிறேன்" என்றார். ஜெயகுமாரியிடம் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு வங்கி விவகாரம் புரியாது.

புதன்கிழமை பிற்பகல். பல வருஷங்களுக்குப் பிறகு ஜாபஸ் தன் வீட்டின் கீழ்த்தளத்துக்குள் நுழைந்தார். வாசலில் இருந்த காவலாளி அவரை நிறுத்தினார். "டோக்கன் எடுங்க பெரியவரே. புதுசா?"

கிளை நிரம்பி வழிந்தது. பட்டுப் புடவைகள், கைவிசிறிகள், அடுத்த மாதச் சபை விருந்தான அசனத்துக்கு எத்தனை ஆடு என்ற பேச்சு. மேலிடத்திலிருந்து வந்திருந்த ஸ்ரீகாந்த், இளைஞர், மடியில் கையகலக் கணினியோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்து முதலில் வியந்தார். கவுன்ட்டர் முன்னால் யாரும் இல்லாததைப் பார்த்து இன்னும் அதிகமாக வியந்தார். எழுந்துபோய் ஞானசௌந்தரி அக்காவிடமே கேட்டார்.

"என்ன வேலையா வந்தீங்கம்மா?"

"வேலை ஒண்ணும் இல்ல தம்பி. ஜாபஸ் வந்து உட்காரச் சொன்னான். பொய் சொல்லக்கூடாது பாருங்க. டீ வந்துட்டு. பன்னுதான் இன்னும் வரல்ல."

ஜாபஸ் சுவரில் இருந்த வட்டி விகிதப் பலகையைக் கூர்ந்து படிக்கத் தொடங்கினார்.

உட்கார இடமில்லாமல் தூண் ஓரமாக ஒரு பெண் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். மார்க்கெட்டில் கீரை விற்கும் அங்கம்மா. ஸ்ரீகாந்த் அவளிடம் திரும்பினார். "நீங்களும் டீக்குத்தானா?"

"டீயா? நான் வாராவாரம் வந்துகினுதான் கீறேன். இன்னைக்கு இவங்கல்லாம் வந்து ஒக்காந்துகினு எனக்கு எடமே இல்ல. இன்னா கல்யாணமா?"

"போன்லயே பண்ணலாமேம்மா?"

"போனு புள்ள கைல கீது சார். நான் இன்னா போட்டாலும் அவனுக்கு டிங்குன்னு அடிக்குது. நான் ஊட்டாண்ட போறதுக்குள்ள வாசல்ல வந்து நிக்கிறான், வசூலுக்கு. அதான் கவுன்ட்டர்ல கீற இந்தம்மாகிட்ட சொல்லி, போனு நம்பரே இல்லாம வேற கணக்கு தொறந்துகினேன். இங்க வந்து போட்டா, போட்டது எனக்குத் தெரியும், மேல கீற சாமிக்குத் தெரியும்."

பாவம், அறியாமை என்று ஜாபஸ் நினைத்தார். இவளுக்கு அறிவிப்பு ஒலியை நிறுத்தக் கற்றுக்கொடுத்தால் தீர்ந்தது. அதை எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. உள்ளே வந்தவள் ஜெயகுமாரி. கையில் துணிப்பை. பன் வந்துவிட்டது, யாரோ அவளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள் என்று ஜாபஸுக்கு ஒரு கணம் நிம்மதி.

அவரைப் புதுசா என்று கேட்ட அதே காவலாளி எழுந்து நின்றார். "வாங்கம்மா. இன்னிக்கு லேட்டு?"

கவுன்ட்டரிலிருந்த பெண் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையசைத்தாள். "அக்கா, கேக் ஆர்டர் பணமா? வாங்க, கூட்டத்தைப் பார்த்துட்டு உங்க டோக்கனை எடுத்து வெச்சிருக்கேன்."

ஜெயகுமாரி பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்தாள். அப்போதுதான் வட்டி விகிதப் பலகையின் கீழ் நின்ற முதுகு அவளுக்குத் தெரிந்த முதுகாக இருப்பதைப் பார்த்தாள். முதுகு மெதுவாகத் திரும்பியது.

ஸ்ரீகாந்துக்கு இதெல்லாம் தெரியாது. "நீங்களும் ஜாபஸ் சார் சொல்லி வந்தவங்களாம்மா?" என்று கேட்டார்.

ஜெயகுமாரி கணவனைப் பார்த்தாள். முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை.

"அவர் சொல்லாம நானா வர்ற ஒரே இடம் இதுதான் தம்பி" என்றாள்.

ஸ்ரீகாந்த் தன் கணினியைப் பார்த்தார். கிளைக்கு வருவதற்கான காரணங்கள் அதில் வரிசையாக இருந்தன: முதுமை, போன் இல்லாமை, எழுதப் படிக்கத் தெரியாமை. எதிரே நின்றவளோ பி.ஏ. படித்தவள், கையில் போன் இருந்தது, முதுமை என்று சொல்ல அவருக்குத் துணிவில்லை. 'மற்றவை' என்பதை அழுத்தினார். உலகத்தில் உண்மையான காரணங்கள் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன.

அன்று மாலை மாடியில் ஜாபஸ் கேட்டார். "எப்போருந்து இந்தக் கேக் ஆர்டரும் தனிக் கணக்கும்?"

"குக்கர் வாங்கின மாசத்துல இருந்து."

"நான் இருக்கும்போதா?"

"நீங்க டீக்கடையில வகுப்பெடுக்கும்போது."

"எவ்வளவு இருக்கு?"

"இருக்கு" என்றாள் ஜெயகுமாரி. பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவருக்குச் சினம் வந்தது சௌம்யாவின் மேல்தான். இத்தனை தடவை படியேறி வந்து காபி குடித்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அந்தக் கிளையைப் பெரிதாகப் புகழ ஒன்றுமில்லை: பிரிண்டர் பாதி நாள் ஓடாது, பேனாவில் மை இருக்காது. ஆனால் அதற்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்திருந்தது. எந்தச் செயலிக்கும் இதுவரை அது கைவரவில்லை.

மேலிடத்திலிருந்து முடிவு வந்தது. கிளை அம்பத்தூரோடு சேர்க்கப்படும். பெண் வாடிக்கையாளர் சிலர் நேரில் வர விரும்புவதாகத் தெரிகிறது. அவர்களுக்குச் செயலியில் பயிற்சி அளித்து இக்குறை களையப்பட வேண்டும். பயிற்சியாளராக, வட்டாரத்தில் இத்துறையில் நற்பெயர் பெற்ற திரு. ஜாபஸ் அவர்களை அணுகலாம்.

அவர் மறுத்திருக்கலாம். ஆனால் 'நற்பெயர் பெற்ற' என்று எழுத்தில் வந்தபின் மறுப்பது எளிதல்ல.

பயிற்சி நாளன்று பெண்கள் கிளையில் வந்து உட்கார்ந்தார்கள். அங்கம்மா முன்வரிசை, பக்கத்தில் ஜெயகுமாரி. ஜாபஸ் கனைத்துக்கொண்டார்.

"முதல்ல எல்லாரும் அவங்கவங்க போனைக் கையில எடுங்க."

சிலர் எடுத்தார்கள். பலர் எடுக்கவில்லை.

"எங்கம்மா போன்?"

"அதான் சார் கேள்வி" என்றாள் அங்கம்மா.

"தனியா ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாமே?"

"வாங்கலாம். அத்த எங்க சார் வெக்கிறது? அரிசிப் பானைல வெச்சா அங்கயும் டிங்குன்னு அடிக்குமே."

பெண்கள் சிரித்தார்கள். ஓடிபி, மோசடி, நெட்வொர்க் என்று எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த மனிதர் இதற்குக் கைக்குட்டையைத் தேடினார். அப்போது ஜெயகுமாரி தன் போனை நீட்டினாள்.

"ஏங்க, இதுல பூட்டு எண்ணு நீங்கதான போட்டீங்க?"

"ஆமா. அதனால என்ன, மாத்திக்கலாம். ரொம்பச் சுலபம்."

"எப்படின்னு காட்டுங்க, எல்லாரும் பார்க்கட்டும்."

ஜாபஸ் உற்சாகமாக போனை வாங்கினார். எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, ஒவ்வொரு படியாக விளக்கி, பழைய எண்ணை நீக்கி, புது எண்ணையும் அவரே போட்டு, "அவ்வளவுதான்" என்று திருப்பிக் கொடுத்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அங்கம்மா மட்டும் ஜெயகுமாரியின் முழங்கையைத் தொட்டு, "அம்பத்தூருக்கு பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள்.

பலகை இறங்கியது. அந்த இடத்துக்கு ஒரு போன் கடை வந்தது. வங்கியைவிட அதிக வாடகை. வாசலில் காற்றடைத்த பொம்மை ஒன்று காலையிலிருந்து கையைக் காலை உதறி ஆடுகிறது. ஊர் எவருக்கும் கடன்பட்டதல்ல. அடுத்த மாதமே அது போன் கடை ஊடு ஆகிவிட்டது. இத்தனை நாள் ஜாபஸ் சொன்னதெல்லாம் நடந்துவிட்டது. அதை அவரிடம் யாராவது சொன்னால் அவருக்குப் பிடிப்பதில்லை.

புதன்கிழமைப் பிற்பகல்களில் இப்போது அவர் டீக்கடைக்குப் போவதில்லை. ஜெயகுமாரி துணிப்பையை எடுக்கும்போது எதிரே வந்து நிற்கிறார்.

"அம்பத்தூர்வரைக்கும் நான் வண்டியில கொண்டு விடட்டுமா?"

"வேண்டாம். அங்கம்மா வந்து நிப்பா."

பால்கனியிலிருந்து பார்த்தால் பஸ் நிறுத்தம் தெரியும். மெட்ரோவுக்காக அடைத்து வைத்திருக்கும் தகரத்தின் ஓரமாக இரண்டு பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எதற்கோ ஜெயகுமாரி வாய்விட்டுச் சிரித்தாள். கையிலிருந்த போன் சிணுங்கியது. ஜாபஸ் அவசரமாகப் பார்த்தார். மெத்தைக்குத் தள்ளுபடி.

பஸ் வந்தது. பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ். டிக்கெட்டுக்குப் பணம் கழிந்ததாகக்கூட அவருக்கு ஒரு செய்தி வராது.